வலி போன மூன்றாம் நாளில் மாத்திரையை நிறுத்தலாமா?

பல் வேரில் சீழ் கட்டிக் கன்னம் வீங்கிய ஒருவர் கேட்டிருக்கிறார். பல் மருத்துவர் அவருக்கு அமாக்சிசிலின் 500 மி.கி., மெட்ரோனிடசோல் 400 மி.கி. ஆகிய இரண்டு ஆன்டிபயாடிக்குகளையும் மூன்று வேளை, ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்று மூன்றாம் நாள். வலி போய்விட்டது, வீக்கமும் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. முந்தாநாள் இரவு மாத்திரை போட மறந்து தூங்கிவிட்டார். நேற்றிலிருந்து வயிறு கொஞ்சம் இளக்கமாகப் போகிறது. இனிமேலும் போட வேண்டுமா, மறந்த வேளைக்கும் சேர்த்து இரண்டாகப் போடலாமா என்கிறார். எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் படிக்கும்போதே இரண்டு பயங்கள் தெரிகின்றன. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறித் திரும்பி வருமோ என்பது ஒன்று. தொடர்ந்து போட்டால் மருந்தே உடம்பைக் கெடுத்துவிடுமோ என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, கொஞ்சம் கேள்விப்பட்ட கதையும் இருக்கிறது.

நான் மருத்துவமனை மருந்தகத்தில் பல வருடங்களாக வேலை செய்யும் மருந்தாளுநர். மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, எதோடு சேர்த்துப் போடக்கூடாது என்பதை என்னால் சொல்ல முடியும். உங்கள் வாயைத் திறந்து பார்த்து அந்தப் பல் எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியாது. உங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டா, வேறு என்ன மாத்திரைகள் போடுகிறீர்கள், வயது என்ன என்பதும் கேள்வியில் இல்லை. கீழே சொல்வதையெல்லாம் இந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

முதலில் சுருக்கமான பதில். மறந்ததற்கு ஈடாக இரண்டாகப் போட வேண்டாம். வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவைத் தொடருங்கள். இன்று நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் இன்றே பல் மருத்துவரைக் கூப்பிட்டு "எப்போது நிறுத்தலாம்" என்று கேளுங்கள். அது அசட்டுக் கேள்வி இல்லை, கேட்க வேண்டிய நாளும் இதுதான். வயிறு லேசாக இளகுவது இந்த மருந்துகளில் அடிக்கடி நடப்பது. தண்ணீர் நிறையக் குடியுங்கள், எத்தனை முறை போகிறது, எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். இனி காரணங்கள்.

"ஆரம்பித்தால் முழுசாக முடிக்க வேண்டும்" என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த விதி. இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெரியும். 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள். முகமெல்லாம் சீழ் பிடித்து உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தவர் சில நாட்களிலேயே தேறத் தொடங்கினார். ஆனால் அன்றைக்கு உலகத்தில் இருந்த பெனிசிலினே சொற்பம். அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் தீர்ந்தது, நோய் திரும்பியது, மார்ச் மாதம் அவர் இறந்துபோனார். போதாத மருந்து ஆபத்து என்ற எண்ணம் மருத்துவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்த காலம் அது. 1945இல் நோபல் பரிசு உரையில், பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கும் இதையே சொன்னார்: குறைந்த அளவில் பெனிசிலின் எடுத்துக்கொண்டால் கிருமி சாகாது, அதற்குப் பதில் எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்ளும். கவனித்துப் பார்த்தால் அவர் எச்சரித்தது குறைந்த அளவைப் பற்றி. நாட்களின் எண்ணிக்கையைப் பற்றி வந்த விதி பிறகு அதோடு ஒட்டிக்கொண்டது.

2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சில தொற்றுநோய் நிபுணர்கள் இதைக் கேள்வி கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். குணமான பிறகும் கூடுதல் நாட்கள் போடுவது மருந்து எதிர்ப்பைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை, பல நோய்களில் அதற்கு நேர்மாறாகவே நடக்கலாம் என்றார்கள். காரணம் இதுதான். நாம் விழுங்கும் மாத்திரை பல்லில் இருக்கும் கிருமியை மட்டும் தேடிப் போவதில்லை. குடல், தோல், தொண்டை என்று எல்லா இடத்திலும் நம்மோடு சாதுவாக வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் மீதும் படுகிறது. அவற்றில் மருந்தைத் தாங்கக்கூடியவை மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. எத்தனை நாள் மருந்து உள்ளே போகிறதோ அத்தனை நாள் இந்த வடிகட்டல் நடக்கிறது. அப்படி மிஞ்சியவை பின்னொரு நாள் சிறுநீர்ப்பையிலோ காயத்திலோ புகுந்தால், அப்போது அதே மருந்து வேலை செய்யாது.

அப்படியானால் சுகம் தெரிந்தவுடன் எல்லோரும் நிறுத்திவிடலாமா? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எத்தனை நாள் என்பது நோய்க்கு நோய் மாறும். காசநோயில் சில வாரங்களிலேயே இருமல் குறைந்து உடம்பு தேறிவிடும், ஆனால் வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். நடுவில் விட்டால் நோய் திரும்பும், மருந்தும் கேட்காமல் போகும். அங்கே பழைய விதி அப்படியே செல்லும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டை வலிக்குப் பெனிசிலின் வகை மருந்தைப் பல வழிகாட்டுதல்களில் 10 நாள் கொடுப்பது, பின்னால் இதயத்தைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பதற்காக. தொண்டை வலி அதற்கு வெகு முன்பே போய்விடும், அதை வைத்து நாளைக் கணக்கிட முடியாது. எலும்பில் தொற்று என்றால் வாரக்கணக்கு. மறுபக்கம், பெண்களுக்கு வரும் சிக்கலில்லாத சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபியூரான்டாயின் ஐந்து நாள் போதும், ஃபாஸ்ஃபோமைசின் என்றால் ஒரே ஒரு டோஸ். நன்றாகத் தேறிவரும் சாதாரண நிமோனியாவுக்குப் பெரும்பாலும் ஐந்து நாள். ஒரு காலத்தில் இதற்கெல்லாம் பத்து நாள், பதினான்கு நாள் எழுதினோம்.

இப்போது உங்கள் பல். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பல் வேர்த் தொற்றுக்கு மருந்து கொடுத்தால் மூன்றாம் நாளில் நோயாளியை மறுபடி விசாரிக்க வேண்டும், அறிகுறிகள் முழுவதும் நீங்கி 24 மணி நேரம் ஆனதும் மருந்தை நிறுத்தலாம் என்று இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். "முழுவதும் நீங்கி" என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு வீக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதனால் இன்று நீங்கள் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். வலிக்கு பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ கூடவே போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் வலி இல்லை என்பதையும் காய்ச்சல் இல்லை என்பதையும் முழுசாக நம்ப முடியாது. மருந்தகத்துக்கு வந்து "எல்லாம் சரியாகிவிட்டது" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது கடைசியாக வலி மாத்திரை எப்போது போட்டீர்கள் என்பதைத்தான். இரண்டு மணி நேரத்துக்கு முன்பு என்பார்கள்.

பல் விஷயத்தில் மாத்திரையால் முடியாத ஒன்று உண்டு. மருந்து ரத்தம் வழியாகத்தான் போக முடியும். உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் செத்துப்போன பல்லின் குழிக்குள் ரத்த ஓட்டம் இல்லை, அதனால் மருந்தும் அங்கே எட்டாது. சுற்றிப் பரவிய தொற்றை மருந்து அடக்கும், வீக்கம் வடியும், ஊற்றுக்கண் அப்படியே இருக்கும். சீழை வடித்து வேர்ச் சிகிச்சை செய்வதோ பல்லை எடுப்பதோதான் தீர்வு. வலி போனதும் அந்த அடுத்த வருகையை ரத்து செய்துவிட்டு, சில மாதம் கழித்து அதே பல்லுக்கு அதே மருந்தோடு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியதும் இதுதான். மாத்திரையைப் பற்றி இவ்வளவு கேட்டீர்கள், பல்லுக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒரு வரி இல்லை.

சரி, மறந்துபோன வேளைக்கு வருவோம். பொதுவான விதி எளிது: ஞாபகம் வந்ததும் போடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள், எந்தக் காரணத்துக்காகவும் இரட்டிப்பாக்காதீர்கள். ஒரு வேளை தவறியதால் சிகிச்சை வீணாகிவிடாது. ஆனால் தினமும் ஒரு வேளை தவறுவது வேறு கதை. அது எவ்வளவு பாதிக்கும் என்பது மருந்தைப் பொறுத்தது. அமாக்சிசிலின் ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் ஒரு மணி நேரம்தான் ஆகும். அது சேர்ந்த பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் கிருமியைக் கொல்வது, எவ்வளவு உயரமாக ஏறின என்பதை வைத்து அல்ல, தேவையான அளவுக்கு மேல் எத்தனை மணி நேரம் நின்றன என்பதை வைத்து. இரண்டு மாத்திரையைச் சேர்த்து விழுங்கினால் அளவு உயரமாக ஏறும், வயிற்றைக் கலக்கும், நேரம் கொஞ்சம்தான் கூடும். இரண்டாகப் போடுவதில் லாபம் இல்லை என்பது அதனால்தான்.

இதிலேயே இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மூன்று வேளை என்றதும் பெரும்பாலானவர்கள் காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு எட்டு என்று சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். பகலில் ஐந்து மணி நேர இடைவெளி, இரவில் பன்னிரண்டு. எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்பதுதான் எழுதியதன் நோக்கம். நடு ராத்திரியில் அலாரம் வைத்து எழுந்திருக்கச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் ஆறரைக்கு, மதியம் இரண்டரைக்கு, படுக்கும் முன் பத்தரைக்கு என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வந்துவிடும். மெட்ரோனிடசோல் ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் எட்டு மணி நேரம் ஆகும், அது அரை மணி அங்கே இங்கே ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். அசித்ரோமைசின் இதற்கு மறுகோடி. திசுக்களுக்குள் போய்த் தங்கி நாட்கணக்கில் மெல்ல வெளியேறும். மூன்று நாள் மட்டும், நாளுக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்தாலும் மருந்து அதற்குப் பிறகும் பல நாள் வேலை செய்துகொண்டிருப்பது அப்படித்தான். "அவருக்கு மூணு நாள், எனக்கு மட்டும் ஏன் ஏழு நாள்" என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதில் இருக்கிறது.

மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். அரை மணி நேரத்துக்குள் எடுத்தால், அதிலும் மாத்திரை கண்ணுக்குத் தெரிந்தால், பொதுவாக மறுபடி போடச் சொல்வோம். ஒன்றிரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் மருந்து இறங்கியிருக்கும், அடுத்த வேளைக்குப் போட்டால் போதும். இடைப்பட்ட நேரத்தில் தெளிவான கோடு கிடையாது, மருந்து கொடுத்தவரிடம் கேட்பதே நல்லது. ஒவ்வொரு வேளையும் வாந்தியில் போகிறது என்றால் மாற்று மருந்து வேண்டும்.

சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதில் ஒரே விதி கிடையாது, இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அமாக்சிசிலினை எப்படி வேண்டுமானாலும் போடலாம். அதோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரை என்றால் சாப்பிட ஆரம்பிக்கும்போதே போட்டுவிடுவது நல்லது. வயிற்றுப் புரட்டல் குறையும், மருந்தும் நன்றாக ஏறும். மெட்ரோனிடசோலைச் சாப்பாட்டோடு போடுங்கள். க்ளாக்சசிலின், ஃப்ளுக்ளாக்சசிலின் இரண்டும் வெறும் வயிற்றில்தான் சரியாக ஏறும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது இரண்டு மணி நேரம் பின்பு. செஃப்யூராக்சிம் மாத்திரைக்கு நேர்மாறு, சாப்பிட்ட பிறகு போட்டால்தான் நன்றாக ஏறும். சிப்ரோஃப்ளாக்சசினும் டெட்ராசைக்ளின் வகையும் கால்சியம், இரும்பு, துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம் இவற்றைக் கண்டால் அவற்றோடு ஒட்டிக்கொண்டு குடலில் உறிஞ்சப்படாமலே வெளியே போய்விடும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் திரவம், பல சத்து மாத்திரைகள் எல்லாம் இதில் அடக்கம். சிப்ரோவை இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பு போட வேண்டும், இல்லையென்றால் ஆறு மணி நேரம் கழித்து. பாலையோ தயிரையோ மட்டும் சாப்பிட்டுக்கொண்டே அதைப் போடக் கூடாது. உங்கள் இரண்டு மருந்துகளுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

டாக்சிசைக்ளின் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதைத் தவறாக விழுங்கித்தான் நிறையப் பேர் அவதிப்படுகிறார்கள். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு அங்கே புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கினாலும் நெஞ்சு நடுவில் குத்தும். ஒரு முழு டம்ளர் தண்ணீர், அப்புறம் குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது, இவ்வளவுதான் தேவை. வெயிலில் தோலும் சீக்கிரம் கன்றிப்போகும், மூடிக்கொண்டு போங்கள்.

வயிறு போவதற்கு வருகிறேன். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் மருந்தில் அடிபடுவதால் வரும் இளக்கம், மருந்து முடிந்ததும் தானாகச் சரியாகிவிடும். கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று. மற்றவை அழிந்த இடத்தில் க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகிக் குடலைப் புண்ணாக்கலாம். க்ளின்டாமைசின், செஃபலோஸ்போரின், சிப்ரோ வகைகளில் இது அதிகம், அமாக்சிசிலினிலும் வரலாம். தண்ணீராக ஒரு நாளைக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ போவது, ரத்தம் கலந்து போவது, வயிற்றில் கடுமையான வலி, காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். மருந்தை முடித்துச் சில வாரங்கள் ஆன பிறகும் இது வரலாம் என்பதால், அப்போதும் "ஆன்டிபயாடிக் போட்டேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். பேதியை நிறுத்த லோபராமைடு மாதிரி மாத்திரையை நீங்களாகப் போட வேண்டாம். இந்த நோய் இருந்தால் குடலைக் கட்டிப்போடுவது ஆபத்து.

கூடவே புரோபயாடிக் மாத்திரை, அதாவது நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய மாத்திரை, போட்டால் நல்லதா? இது சந்தேகத்துக்குரிய பகுதி. ஆன்டிபயாடிக்கால் வரும் பேதியை, குறிப்பாகக் குழந்தைகளிடம், அது ஓரளவு குறைக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 2018இல் வந்த ஓர் ஆய்வு, மருந்துக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமானது என்றது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களை நான் போடச் சொல்லி வற்புறுத்துவதும் இல்லை, வேண்டாம் என்று தடுப்பதும் இல்லை.

ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் தாமதமே கூடாது. மாத்திரை போட்ட சில நிமிடங்களிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குவது, மூச்சு இழுப்பது, தலைசுற்றி விழுவது என்று வந்தால் அவசர சிகிச்சை. தொலைபேசியில் யாரிடமும் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. வாய்க்குள்ளும் கண்ணிலும் புண்ணாகி, தோல் கொப்புளித்து உரிவதும் அதே அளவு அவசரம். கோட்ரைமாக்சசால் போன்ற சல்ஃபா மருந்துகளில் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஆனால் சில நாள் கழித்து அரிப்பு அதிகமில்லாமல் சிவப்புப் புள்ளிகள் பரவுவது எல்லாமே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை என்று சொல்ல முடியாது. சில வைரஸ் காய்ச்சல்களில், அதிலும் கழுத்தில் நெறி கட்டும் சுரப்பிக் காய்ச்சலில், அமாக்சிசிலின் போட்டால் அப்படி வரும். பெனிசிலின் ஆகாது என்று பத்தில் ஒருவர் சொல்கிறார். அவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒன்றுமில்லை. சிறு வயதில் வந்த ஒரு தடிப்பு, ஒரு வாந்தி, ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டுவிடும். அதனால் அவர்களுக்குத் தேவையில்லாமல் பலமான மாற்று மருந்துகள் போகின்றன. ஆகவே மருந்தின் பெயர், என்ன வந்தது, போட்டு எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று மூன்றையும் எழுதி வையுங்கள். வெறுமனே "அலர்ஜி" என்று மட்டும் எழுதி வைத்தால் பத்து வருடம் கழித்து யாருக்கும் உதவாது.

மெட்ரோனிடசோல் போடும்போது வாயில் உலோகக் கசப்பு வரும், சிறுநீர் சற்றுக் கருத்துப் போகலாம், இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். கை கால் விரல்கள் மரத்துப்போனால் சொல்லுங்கள், அது நீண்ட நாள் போடுபவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். மதுவோடு சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும் என்ற எச்சரிக்கை எல்லா உறையிலும் இருக்கிறது. அது அவ்வளவு உறுதியான உண்மையா என்று பின்னால் வந்த ஆய்வுகள் சந்தேகப்படுகின்றன. ஆனாலும் மருந்து முடிந்து இரண்டு மூன்று நாள் வரை தவிர்க்கச் சொல்வதில்தான் நானும் இருக்கிறேன், தவிர்ப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. பல் வைத்தியத்தில் கூடவே வாய் கொப்புளிக்கும் மருந்தும் கொடுப்பார்கள், அதில் ஆல்கஹால் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். இதைவிட உறுதியான, ஆபத்தான சேர்க்கை வார்ஃபரின். ரத்தம் உறையாமல் இருக்க அதைப் போடுபவருக்கு மெட்ரோனிடசோல் சேர்ந்தால் ரத்தக் கசிவு வரை போகும். பல் மருத்துவரிடம் "வேறு மாத்திரை எதுவும் இல்லை" என்று சொல்லியிருந்து, உண்மையில் வார்ஃபரின் போடுபவராக இருந்தால், இதைப் படித்து முடிப்பதற்குள் அவரைக் கூப்பிடுங்கள்.

வேறு மருந்துகளில் இருப்பவர்களுக்காக இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிப்ரோவோடு தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் டைசானிடின் கூடவே கூடாது. க்ளாரித்ரோமைசினோடு கொழுப்பு மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் கூடாது, அந்தச் சில நாட்களுக்கு அதை நிறுத்திவைப்பார்கள். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி போடுபவர்களுக்குக் கோட்ரைமாக்சசால் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். லைன்சோலிட் என்ற ஆன்டிபயாடிக் மன அழுத்த மாத்திரைகளோடு மோதும். கருத்தடை மாத்திரையை எல்லா ஆன்டிபயாடிக்கும் செயலிழக்க வைக்கும் என்பது பழைய நம்பிக்கை. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் வகைக்குத்தான் அது உண்மை. ஆனால் வாந்தியும் பேதியும் கடுமையாக இருந்தால் எந்த மருந்தானாலும் அந்த நாட்களில் மாற்று ஏற்பாடு தேவை. சிப்ரோ, லீவோஃப்ளாக்சசின் போடும்போது குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாணில் வலி வந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு போடுபவர்களுக்கும் அதிகம். "ஆரம்பித்ததை முடிக்க வேண்டும்" என்ற விதியைப் பிடித்துக்கொண்டு அந்த வலியோடு மாத்திரையைத் தொடர்ந்தவர்கள் உண்டு. விதியை அந்த அளவுக்கு மதிக்க வேண்டியதில்லை.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இதே மருந்து குழந்தைக்குப் பொடியாக வரும் என்பதால் ஒரு விஷயம். புட்டியைத் திறக்கும் முன் தட்டிக் குலுக்கிப் பொடியை உதிர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அடியில் கட்டியாக நின்றுவிடும். கொதித்து ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, பிறகு கோடு வரை நிரப்பிக் குலுக்க வேண்டும். நுரையோடு கோட்டைப் பார்த்து ஊற்றினால் தண்ணீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும், ஒவ்வொரு வேளையும் அளவு கூடும். அளப்பது மி.லி. குறித்த மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோதான், சமையலறைக் கரண்டியில் வேண்டாம். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்ததைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஏழு நாளில் கொட்டிவிட வேண்டும். க்ளாரித்ரோமைசினைக் குளிர்ப்பெட்டியில் வைக்கவே கூடாது, இறுகிவிடும்.

மருத்துவர் நிறுத்தலாம் என்று சொல்லி உங்களுக்கு மாத்திரை மிஞ்சினால் அதைப் பெட்டியில் எடுத்து வைக்காதீர்கள், மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் ஆறு மாத்திரை அடுத்த சளிக்கு யாரோ ஒருவர் வாயில் போகும். சளி, ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி எல்லாம் வைரஸ், அவற்றில் இந்த மருந்துக்கு வேலையே இல்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதை மட்டும் வைத்து பாக்டீரியா என்று முடிவு கட்டவும் முடியாது.

கடைசியாக, உங்கள் நிலைமையில் மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டிய சந்தர்ப்பங்கள். வீக்கம் திரும்ப ஏறுவது, தாடைக்குக் கீழோ நாக்குக்கு அடியிலோ பரவுவது, கண்ணை மூடும் அளவுக்கு மேலே போவது, வாயை முழுசாகத் திறக்க முடியாமல் இறுகுவது, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்படுவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை போதாது என்று அர்த்தம். இவை எதுவும் இல்லையென்றால் பல் மருத்துவரைக் கூப்பிடும்போது இன்று மூன்றாம் நாள் என்பது, ஒரு வேளை விட்டுப்போனது, மிச்சம் இருக்கும் வீக்கம், வயிறு எத்தனை முறை போகிறது, போடும் மற்ற மாத்திரைகள், கடைசியாக வலி மாத்திரை போட்ட நேரம் இத்தனையையும் சொல்லுங்கள். மருந்தை எப்போது நிறுத்துவது என்று கேட்ட கையோடு, பல்லுக்கான சிகிச்சைக்கு நாளையும் குறித்து வாங்கிவிடுங்கள்.